பட்டத்தைத் துறந்த பிரதமர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். 1963 அக்டோபர், நவம்பரில் பிரிட்டனின் பிரதமர் ஒருவர் நாடாளுமன்றத்தின் எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாமல் பதினைந்து நாள் ஆட்சி நடத்தினார் என்பதுதான் அந்தச் செய்தி. அவர் கன்சர்வேடிவ் கட்சியின் அலெக் டக்ளஸ்-ஹியூம். அதையொட்டி வந்த கேள்விகளில், பலரும் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

டன்கிளாஸ் பிரபு, 14-வது ஹியூம் ஏர்ல், சர் அலெக், ஹியூம் பிரபு என்று புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறுகிறது. நான்கும் ஒருவர்தானா? ஆங்கிலத்தில் 'ஹோம்' என்று எழுதிவிட்டு ஏன் 'ஹியூம்' என்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, திருச்சி

ஒருவர்தான். உச்சரிப்பு அந்த ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் பழைய வழக்கம். எழுத்து 'ஹோம்' என்றிருந்தாலும் வாயில் 'ஹியூம்'தான்.

பெயர் மாறிய வரிசையைப் பிடித்துக்கொண்டால் அவருடைய அரசியல் வாழ்க்கை முழுவதும் கையில் வந்துவிடும். 1903 ஜூலை 2 அன்று லண்டன் மேஃபேரில் பிறந்தார். 1918-ல் தாத்தா இறந்து அப்பா 13-வது ஏர்ல் (பரம்பரைப் பிரபு பட்டங்களில் ஒன்று) ஆனதும், மூத்த மகனான இவர் டன்கிளாஸ் பிரபு ஆனார். இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். ஏர்லின் மூத்த மகன் அப்பாவின் துணைப் பட்டங்களில் ஒன்றை மரியாதைக்காகப் பயன்படுத்திக்கொள்வார். பெயரில் 'பிரபு' இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் சாதாரணக் குடிமகன்தான். நாடாளுமன்றத்தின் மேல்சபையான பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழ்சபையான காமன்ஸ் சபைக்குப் போட்டியிடத் தடையும் கிடையாது. அதனால்தான் டன்கிளாஸ் பிரபு 1931-ல் லனார்க் தொகுதியில் நின்று எம்.பி. ஆக முடிந்தது. 1945-ல் தோற்றார். 1950-ல் வெறும் 685 வாக்கு வித்தியாசத்தில் அதே தொகுதியை மீட்டார்.

1951 ஜூலையில் அப்பா காலமானார். அந்த நொடியே இவர் 14-வது ஏர்ல். பிரபு காமன்ஸில் உட்கார முடியாது என்பதால் அந்தப் பதவி தானாகப் போய்விட்டது. ராஜினாமாக் கடிதமும் தேவையில்லை, மறுக்க வழியும் இல்லை. 1963-ல் பட்டத்தைத் துறந்தபோது 'சர் அலெக்' ஆனார். 'சர்' எங்கிருந்து வந்தது என்றால், 1962-ல் அவருக்கு திஸில் விருது என்ற ஸ்காட்லாந்தின் உயரிய வீரப் பட்டம் கிடைத்திருந்தது. அது பரம்பரைப் பட்டம் அல்ல; ஆகவே துறப்பு அதைத் தொடவில்லை. கடைசியாக 1974 டிசம்பரில் ஆயுட்காலப் பிரபுவாகப் பழைய சபைக்கே திரும்பினார். வம்சத்தின் ஏர்ல் பட்டம் 1995 அக்டோபரில் அவர் இறக்கும்வரை யாருக்கும் இல்லாமல் காத்திருந்து, பிறகு மகனிடம் போனது.

பிரபு பட்டத்தைத் துறப்பது எப்படி? விண்ணப்பமா, நீதிமன்றமா, அரசியின் அனுமதியா?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தஞ்சாவூர்

மூன்றும் இல்லை. 1963 ஜூலை 31 அன்று அரச ஒப்புதல் பெற்ற பிரபுத்துவச் சட்டம் இதை ஒரு பத்திரத்தோடு முடித்துவிட்டது. துறப்பவர் துறப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டு லார்ட் சான்ஸலர் என்ற மூத்த அமைச்சரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த உடனே நடைமுறைக்கு வரும். யாரும் பரிசீலிப்பதில்லை.

சிக்கல் காலக்கெடுவில். பட்டம் வந்து சேர்ந்த 12 மாதத்துக்குள் துறக்க வேண்டும். பட்டம் வரும்போது ஒருவர் காமன்ஸ் உறுப்பினராக இருந்தால் அந்நாளில் ஒரே மாதம்தான் அவகாசம் இருந்தது. சட்டம் வருவதற்கு முன்பே பட்டம் வைத்திருந்தவர்களுக்குச் சட்டம் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம் கொடுத்தார்கள். ஹியூம் இந்தக் கடைசி வகை. 1964 ஜூலையோடு அவருடைய வாசல் மூடியிருக்கும்.

துறந்தால் துறந்ததுதான், திரும்பப் பெற முடியாது. ஆனால் துறப்பு அவர் ஆயுளுக்கு மட்டும். வாரிசுரிமையைக் குலைக்காது. நிலம், வீடு, சொத்து எதையும் பாதிக்காது. மனைவிக்குக் கணவர் வழியாக வந்த பட்டப் பெயரும் கூடவே போய்விடும். ஒருவரிடம் பல பரம்பரைப் பட்டங்கள் இருந்தால் கவனம் தேவை. ஹியூம் குடும்பத்தில் ஏர்ல் பட்டத்தோடு வேறு சில பட்டங்களும் சேர்ந்திருந்தன. அவற்றில் ஒன்றை விட்டுவைத்திருந்தாலும் அவர் பிரபுவாகவே நீடித்திருப்பார். காமன்ஸ் கதவு திறந்திருக்காது. அதனால் அத்தனையையும் சேர்த்தே துறந்தார்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவரவைத்தவர் ஹியூமுக்கு நேர் எதிர்முகாமில் இருந்த டோனி பென். 1960 நவம்பரில் அப்பா இறந்ததும் இந்தத் தொழிற்கட்சி எம்.பி. விருப்பமில்லாமலே விகவுன்ட் என்ற பரம்பரைப் பிரபுவாகி, காமன்ஸ் இடத்தை இழந்தார். 1961 மே இடைத்தேர்தலில் பிரிஸ்டல் தென்கிழக்கில் மீண்டும் நின்று ஜெயித்தார். ஆனால் தேர்தல் நீதிமன்றம் அந்த இடத்தைத் தோற்ற வேட்பாளருக்குக் கொடுத்தது. பென் விடாமல் போராடியதால் சட்டம் வந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே அவர் பட்டத்தைத் துறந்தார்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அரசாங்கம் முதலில் எழுதிய மசோதாப்படி, துறக்கும் உரிமை அடுத்த பொதுத்தேர்தலுக்குப் பிறகுதான் கிடைத்திருக்கும். 'உடனடியாக' என்று திருத்தியது பிரபுக்கள் சபை. அந்தத் திருத்தம் மட்டும் இல்லையென்றால் 1963 அக்டோபரில் ஹியூம் பிரதமர் பதவியை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

பதினைந்து நாள் எந்தச் சபையிலும் இல்லாமல் இருந்தது சட்டப்படி செல்லுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

செல்லும். பிரதமர் எம்.பி.யாகவோ பிரபுவாகவோ இருந்தாக வேண்டும் என்று பிரிட்டனில் எழுதப்பட்ட சட்டம் இல்லை. அது மரபு மட்டுமே. நம் அரசியல் சட்டத்தின் 75(5) பிரிவு கொடுக்கும் ஆறு மாத அவகாசம் போல அங்கே நாள் கணக்கும் கிடையாது. நாடாளுமன்றம் கூடும்போது பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும் என்பதே நடைமுறைத் தேவை.

நாள்வாரியாகப் பாருங்கள். அக்டோபர் 18 அன்று அதுவரை பிரதமராக இருந்த மேக்மில்லன் மருத்துவமனையிலிருந்தே ராஜினாமா செய்தார். அன்றே அரசி ஹியூமை அழைத்து, அமைச்சரவை அமைக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார். 19-ம் தேதி பதவியேற்பு. 23-ம் தேதி பட்டத் துறப்பு. நவம்பர் 7 அன்று கின்ராஸ்–மேற்கு பெர்த்ஷயர் இடைத்தேர்தல். அக்டோபர் 29-ல் தொடங்கவேண்டிய கூட்டத்தொடரை நவம்பர் 12-க்குத் தள்ளிவைத்தார்கள். இந்தத் தள்ளிவைப்புதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. இல்லாவிட்டால் பிரதமர் இல்லாத காமன்ஸ் சபை கூடியிருக்கும்.

தொகுதி கிடைத்ததும் தற்செயல்தான். அங்கிருந்த கன்சர்வேடிவ் எம்.பி. ஆகஸ்ட் மாதம் இறந்துவிட்டார். இடைத்தேர்தல் எப்படியும் வரவேண்டியிருந்தது. ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த வேட்பாளர் ஜார்ஜ் யங்கர் ஒதுங்கிக்கொண்டார். ஹியூம் 14,147 வாக்கு, லிபரல் வேட்பாளர் 4,819, தொழிற்கட்சி 3,752. வித்தியாசம் 9,328.

மூத்த அமைச்சர் பட்லர்தானே அடுத்த பிரதமர் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்? இடையில் ஹியூம் எப்படி வந்தார்?
– வாசகர், கோயம்புத்தூர்

அப்போது கன்சர்வேடிவ் கட்சியில் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பே கிடையாது. மூத்தவர்கள் 'விசாரித்து' ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயர் அரண்மனைக்குப் போகும்.

1963 அக்டோபர் 8 அன்று, பிளாக்பூல் கட்சி மாநாட்டின் முந்தைய நாள், மேக்மில்லன் புரோஸ்டேட் கோளாறால் மருத்துவமனையில் சேர்ந்தார். பதவி விலகப் போகிறார் என்ற அறிவிப்பை 10-ம் தேதி மாநாட்டில் வாசித்தவர் வெளியுறவு அமைச்சராக இருந்த ஹியூம். படுக்கையிலிருந்தே மேக்மில்லன் நான்கு பக்கமும் விசாரிக்கச் சொன்னார். அமைச்சரவையை லார்ட் சான்ஸலர் டில்ஹார்ன் கேட்டார். எம்.பி.க்களைத் தலைமைக் கொறடா ரெட்மெய்ன் கேட்டார். பிரபுக்களையும் தொகுதி நிர்வாகிகளையும் வேறு சிலர் கேட்டார்கள்.

கேட்ட விதத்தைக் கவனியுங்கள். எம்.பி.க்களிடம் 'உங்கள் முதல் விருப்பம் யார்' என்பதோடு நிறுத்தவில்லை. இரண்டாவது விருப்பம் யார், யாரை ஏற்கவே மாட்டீர்கள் என்றும் கேட்டார்கள். பட்லருக்கு ஆதரவாளர்களும் அதிகம், கடும் எதிர்ப்பாளர்களும் அதிகம். இன்னொரு போட்டியாளரான ஹெய்ல்ஷாமும் அப்படியே. ஹியூமை வெறுப்பவர்கள் குறைவு. இப்படிக் கேட்டால் அவர் மேலே வருவது இயல்பு.

அமைச்சரவைக் கணக்கில் ஹியூம் 10, நிதியமைச்சர் மாட்லிங் 4, பட்லர் 3, ஹெய்ல்ஷாம் 2 என்று டில்ஹார்ன் எழுதினார். இந்தக் கணக்கை நம்புவது கடினம். ஹியூமின் கீழ் பணியாற்றவே மறுத்துவிட்ட அமைச்சர் இயன் மேக்லியோட் அதில் ஹியூம் ஆதரவாளராக எண்ணப்பட்டிருந்தார்! இன்னொரு அமைச்சர் ஈனோக் பவலும் பதவி ஏற்கவில்லை. மேக்லியோட் 1964 ஜனவரியில் பத்திரிகையில் எழுதி, தேர்ந்தெடுத்த குழுவை 'மாய வட்டம்' என்று அழைத்தார். அந்தச் சொல் கட்சியின் மீது ஒட்டிக்கொண்டது. பஞ்சாபில் பிறந்த பட்லரோ கடைசி இரவில் சண்டை போடவில்லை. வெளியுறவுத் துறையை ஏற்றுக்கொண்டார். அவர் மறுத்திருந்தால் ஹியூமால் அமைச்சரவை அமைத்திருக்க முடியாது என்பதே எங்கள் கணிப்பு.

ஒரு பிரபு பிரதமராவதில் அப்படியென்ன தடை?
– வாசகி, சேலம்

பிரபு காமன்ஸ் சபையில் பேச முடியாது. பணமும் நம்பிக்கை வாக்கெடுப்பும் அந்தச் சபையிடம் இருக்கும்போது, அங்கே பதில் சொல்ல முடியாத பிரதமர் எதற்கு என்ற கேள்வி வரும். பிரபுக்கள் சபையிலிருந்து ஆண்ட கடைசிப் பிரதமர் சாலிஸ்பரி, 1902-ல் விலகினார். அதன்பின் 1923-ல் கர்சன் ஒதுக்கப்பட்டார். 1940-ல் ஹாலிஃபாக்ஸ் தானே பின்வாங்கினார். இருவரும் இந்தியாவின் முன்னாள் வைஸ்ராய்கள். இரண்டாமவர்தான் 1931-ல் காந்தியோடு ஒப்பந்தம் செய்த இர்வின்.

ஹியூமே 1960-ல் வெளியுறவு அமைச்சரானபோது எதிர்க்கட்சி இதே காரணம் சொல்லி எதிர்த்தது. காமன்ஸ் சபையில் அவருக்குப் பதிலாகப் பேச எட்வர்டு ஹீத்தை நியமித்துச் சமாளித்தார்கள்.

மியூனிக்கில் ஹிட்லரோடு ஒப்பந்தம் செய்த சேம்பர்லினுக்கு இவர் உதவியாளராமே?
– வாசகர், புதுச்சேரி

ஆமாம். பிரதமர் சேம்பர்லினின் நாடாளுமன்றத் தனிச்செயலர். 1938 செப்டம்பர் இறுதியில் மியூனிக்குக்கும் கூடவே போனார். பிரிட்டன் போருக்குத் தயாராக அந்த ஒப்பந்தம் ஓராண்டு அவகாசம் வாங்கித் தந்தது என்பதே அவர் வாதம். ஜெர்மனியிடம் நிலத்தை இழந்த செக்கோஸ்லோவாகியா கொடுத்த விலையை வைத்துப் பார்த்தால் அந்த வாதம் எங்களுக்குத் திருப்தி தரவில்லை. ஆனால் 1945 பிப்ரவரியில் ஸ்டாலினோடு செய்த யால்டா ஒப்பந்தம் போலந்தைக் கைவிடுகிறது என்று காமன்ஸ் சபையில் எழுந்து கண்டித்த சிலரில் அவரும் ஒருவர். எதிரில் சர்ச்சிலின் அரசாங்கம். இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நோய். 1940-ல் முதுகெலும்பில் காசநோய் கண்டது. காலின் முன்னெலும்பிலிருந்து துண்டெடுத்து முதுகெலும்பில் ஒட்டவைத்தார்கள். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வராத காலம்; எலும்பு கூடும்வரை அசையாமல் கிடப்பதுதான் மருந்து. மாவுக்கட்டில் மல்லாந்தபடி ஏறத்தாழ இரண்டு வருடம் கிடந்தார். 1943-ல்தான் காமன்ஸுக்குத் திரும்பினார்.

இலங்கையோடு இவருக்கு ஏதாவது தொடர்பு உண்டா, ஐயா?
– வாசகர், திருகோணமலை

உங்கள் ஊரோடேயே உண்டு. 1955 முதல் 1960 வரை அவர் காமன்வெல்த் உறவுகள் அமைச்சர். அந்நாளில் டெல்லி, கொழும்பு, கராச்சி விவகாரங்கள் வெளியுறவுத் துறையிடம் போகாது. இந்தத் தனித் துறைக்குத்தான் போகும். 1947 பாதுகாப்பு ஒப்பந்தப்படி பிரிட்டன் இலங்கையில் தளங்களை வைத்திருந்தது. 1956-ல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அவற்றைத் திருப்பிக் கேட்டார். பேச்சுவார்த்தை முடிந்து 1957 அக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளமும் நவம்பரில் கட்டுநாயக்க விமானத் தளமும் கைமாறின. அவர் துறைக் காலத்தில் அமைதியாக முடிந்த காரியங்களில் இது ஒன்று.

சூயஸ் விஷயத்தில் அப்படி இல்லை. சூயஸ் கால்வாய்க்காக 1956-ல் எகிப்தைத் தாக்கும்முன் பிரிட்டன் காமன்வெல்த் அரசுகளிடம் கலந்து பேசவில்லை. நேரு கடுமையாகக் கண்டித்தார். முன்கூட்டிச் சொல்லாததை விளக்கவேண்டிய பொறுப்பு ஹியூமின் துறைமேல் விழுந்தது.

பிரதமராக 363 நாளில் என்ன செய்தார்? ஏன் தோற்றார்?
– வணிகர், விருதுநகர்

நீங்கள் வணிகர் என்பதால் உங்களுக்கு நேரடியாகப் புரியும் ஒன்றைச் சொல்கிறோம். அப்போது பிரிட்டனில் உற்பத்தியாளர் விலை போட்டால் கடைக்காரர் அதற்குக் கீழே விற்கக்கூடாது. நம் எம்.ஆர்.பி. உச்சவரம்பு, அது கீழ்வரம்பு. இந்த முறையை 1964-ல் சட்டம் போட்டு உடைத்தார்கள். மசோதாவைக் கொண்டுவந்தவர் ஹீத், பின்னால் நின்றவர் ஹியூம். சிறு கடைக்காரர்கள் கன்சர்வேடிவ் கட்சியின் சொந்த வாக்காளர்கள். பெரிய கடைகள் விலையைக் குறைத்துத் தங்களை அழித்துவிடும் என்று பயந்தார்கள். கட்சிக்குள்ளேயே கலகம். ஒரு திருத்தத்தில் அரசாங்கம் ஒரே வாக்கில் பிழைத்தது. தேர்தல் ஆண்டில் இதைச் செய்ததற்குத் துணிச்சல் வேண்டும், விலையும் கொடுத்தார்கள்.

இன்னொரு பலவீனம் பொருளாதாரம். கணக்குப் பார்க்கத் தீக்குச்சிகளை வைத்துக்கொள்வேன் என்று 1962-ல் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் அதை விடவில்லை. '14-வது ஏர்ல்' என்று வில்சன் தாக்கியபோது, அப்படிப் பார்த்தால் அவரும் 14-வது திரு. வில்சன்தானே என்று ஹியூம் திருப்பிக் கொடுத்தார். ஆனால் தொலைக்காட்சியில் வில்சன் முன் எடுபடவில்லை.

1964 அக்டோபர் 15 முடிவு: தொழிற்கட்சி 317, கன்சர்வேடிவ் 304, லிபரல் 9. வாக்கு 44.1-க்கு 43.4 சதவீதம். நான்கு இடப் பெரும்பான்மையில் வில்சன் பிரதமரானார். ஓராண்டுக்கு முன் கட்சி இருந்த நிலைக்கு இது மோசமான தோல்வியே அல்ல.

கிரிக்கெட் வீரர் என்பது உண்மையா?
– பள்ளி மாணவன், ஈரோடு

உண்மை. முதல்தரக் கிரிக்கெட் ஆடிய ஒரே பிரிட்டிஷ் பிரதமர். 1924–27-ல் ஆக்ஸ்ஃபோர்டு, மிடில்செக்ஸ், எம்.சி.சி. (லண்டனின் மேரிலிபோன் கிரிக்கெட் கிளப்) அணிகளுக்காக 10 ஆட்டம், 147 ரன், 12 விக்கெட். 1966-ல் எம்.சி.சி. தலைவரும் ஆனார்.

பிரதமர் பதவி போன பிறகு அவர் செய்ததில் எது முக்கியம்? சோவியத் உளவாளிகளை வெளியேற்றியதா?
– வழக்கறிஞர், சென்னை

பெரும்பாலோர் அதைத்தான் சொல்வார்கள். ஹீத் அமைச்சரவையில் மீண்டும் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, 1971 செப்டம்பரில் 105 சோவியத் அதிகாரிகளுக்குக் கதவைச் சாத்தினார். 90 பேர் வெளியேற்றம். வெளியே போயிருந்த 15 பேர் திரும்பி வரத் தடை. மாஸ்கோவின் உளவு வலை லண்டனில் நெடுநாள் எழ முடியவில்லை. அதே ஆண்டு ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசின் தலைவர் இயன் ஸ்மித்தோடு செய்த உடன்பாடு மட்டும் நிற்கவில்லை. பெரும்பான்மை ஆப்பிரிக்கர்கள் ஏற்கிறார்களா என்று விசாரித்த பியர்ஸ் ஆணையம் 1972-ல் 'இல்லை' என்றது.

ஆனால் நீடித்த காரியம் எங்கள் பார்வையில் வேறு. தன்னை உட்காரவைத்த அந்த 'விசாரிக்கும்' முறையை அவரே ஒழித்தார். 1965 பிப்ரவரியில் வந்த புது விதிப்படி கட்சி எம்.பி.க்கள் ரகசிய வாக்களிப்பார்கள். முதல் சுற்றில் ஜெயிக்க இரண்டு நிபந்தனை: பாதிக்கு மேல் வாக்கு, அதோடு அடுத்தவரைவிட, பதிவான வாக்கில் 15 சதவீதம் அதிகம். இல்லையென்றால் இரண்டாம் சுற்று. அதில் புதியவர்களும் நிற்கலாம், பாதிக்கு மேல் எடுத்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் முதல் மூவருக்குள் விருப்ப வரிசை வாக்கு.

ஜூலையில் அவர் கட்சித் தலைமையிலிருந்து விலகியதும் விதிக்கு முதல் சோதனை. ஹீத் 150, மாட்லிங் 133, பவல் 15. மொத்தம் 298. பாதி 149, ஹீத் ஒரே வாக்கில் தாண்டினார். ஆனால் 15 சதவீத முன்னிலைக்கு 45 வேண்டும், இருந்ததோ 17. விதிப்படி இரண்டாம் சுற்றுக்குப் போயிருக்க வேண்டும். மற்ற இருவரும் விலகிக்கொண்டதால் ஹீத் தலைவரானார்.

இந்த விதியில் ஒரு ஓட்டை இருந்தது. பதவியில் இருக்கும் தலைவரை எதிர்த்துப் போட்டியிட வழி இல்லை. 1974-ல் ஹீத் இரண்டு தேர்தல்களில் தோற்றபின் அதை அடைக்கக் குழு அமைத்தார்கள். அதன் தலைவர் ஹியூமேதான். இனி ஆண்டுதோறும் தலைவருக்குச் சவால் விடலாம் என்றது குழு. 15 சதவீதத்தையும் பதிவான வாக்கில் அல்லாமல், வாக்குரிமை உள்ள மொத்த எம்.பி.க்களில் கணக்கிடச் சொன்னது. வாக்களிக்காமல் இருப்பவரும் தலைவருக்கு எதிராகவே எண்ணப்படுவார் என்பதே இதன் பொருள். 1975 பிப்ரவரியில் மார்கரெட் தாட்சர் 130, ஹீத் 119. ஹீத் அன்றே விலகினார்.

1990 நவம்பரில் அதே விதி பிரதமராக இருந்த தாட்சர் பக்கம் திரும்பியது. 372 எம்.பி.க்கள். தாட்சர் 204, அவரை எதிர்த்து நின்ற ஹெசல்டைன் 152, இருவருக்கும் போடாதவர்கள் 16. பாதிக்கு மேல் சுலபமாகக் கிடைத்துவிட்டது. 372-ல் 15 சதவீதம் 55.8, ஆக 56 வேண்டும், இருந்தது 52. பழைய முறையில் பதிவான 356-ஐ வைத்துக் கணக்கிட்டாலும் 54 தேவைப்பட்டிருக்கும்; அப்போதும் போதாது. ஹெசல்டைனுக்குப் போட்டவர்களில் இரண்டே பேர் மாற்றிப் போட்டிருந்தால் 206–150, சரியாக 56. இரண்டு நாள் கழித்து தாட்சர் விலகுவதாக அறிவித்தபோது ஹியூமுக்கு வயது 87. பிரபுக்கள் சபையில் இன்னும் உறுப்பினர்.